அப்பா உட்காரும் உயரம்

ஆடி மாசத்துக் காலையில் உடுமலைப்பேட்டையிலிருந்து பொள்ளாச்சிக்கு பைக் ஓட்டியிருக்கிறீர்களா? ஓட்டியிருந்தால் இந்த முதல் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்கு: நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கு மேல் விட்டுக் கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நுழைந்து நேராக எங்கள் பக்கம் வரும். உடுமலையைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. எங்கப்பாவோட ஆர்டர் புக் பறந்து, அதைத் துரத்திக்கிட்டு அவர் சோளக்காட்டுக்குள்ள ஓடினதைப் பார்த்திருக்கேன்.

அப்பா மோட்டார் பம்ப் ஸ்பேர்ஸ் லைன் போகிறவர். கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பது, பாக்கி வசூல் பண்ணுவது. வாரத்தில் நாலு நாள் பொள்ளாச்சி லைன். காலையில் மேற்கே போறப்ப காத்து மூஞ்சியில அடிக்கும், சாயங்காலம் கிழக்கே திரும்புறப்ப முதுகைத் தள்ளும். இருபது வருஷமா இதே ரோடு, இதே காத்து. வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழட்டி வைத்துவிட்டு, பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். அம்மா தைலம் எடுத்துட்டு வருவாங்க. சின்ன வயசிலிருந்து பார்க்கிற காட்சி என்பதால் எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றியதில்லை.

தோன்றியது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்த பிறகுதான். அரை ரோ வி ஸ்கொயர் ஞாபகம் இருக்கா? காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். அந்த வேகம் ஸ்பீடோமீட்டர் காட்டுற வேகம் இல்லை, காத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற வேகம். காற்றே இல்லாத நாளில் 60-ல் போனால் ஏறத்தாழ 167 பாஸ்கல். எதிர்க்காற்று 20-ல் வந்தால் நம் மேல் அடிப்பது 80. அப்போது அதே கணக்கு 296 பாஸ்கல். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் முன்பக்கப் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 7 கிலோ அளவில் இருந்த தள்ளுவிசை 12 கிலோவாகிவிடுகிறது. வண்டி அதே 60தான் காட்டும். ஆனால் நெஞ்சிலும் தலையிலும் யாரோ கையை வைத்துப் பொள்ளாச்சி வரைக்கும் தள்ளிக்கிட்டே வர்ற மாதிரி. ஹாஸ்டலில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டு முடித்த ராத்திரிதான், திண்ணையில் அப்பா கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவது எதற்கென்று எனக்குப் புரிந்தது.

இன்டர்ன்ஷிப்பில் வந்த முதல் காசில் 1,850 ரூபாய்க்கு ஒரு யுனிவர்சல் வின்ட்ஸ்கிரீன் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் இருந்தவை: ஒரு பாலிகார்பனேட் ஷீட், ஹேண்டில்பாரைப் பிடிக்க இரண்டு கிளாம்ப், ஏற்றி இறக்கிச் சாய்க்கிற மாதிரி இரண்டு ஸ்டீல் பிராக்கெட், நாலு போல்ட், ரப்பர் வாஷர்கள். எப்படி மாட்டுவது என்பதற்குத் தீப்பெட்டி அளவில் ஒரு படம். அவ்வளவுதான்.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அவர் வர்றதுக்குள்ள முடிச்சு ஆச்சரியப்படுத்தணும்னு எனக்கு ஆசை. (இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மாட்டப் போகிறவர்களுக்காக, நான் சரியாகச் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில்பார் குழாயின் விட்டத்தை அளந்தேன், 22 மி.மீ. இருந்தது, கிளாம்புக்குச் சரி. வெறும் குழாயில் கிளாம்ப் போட்டால் அதிர்ச்சியில் வழுக்கும் என்பதால் பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிச் சுற்றி, அதன்மேல் கிளாம்பை இறுக்கினேன். போல்ட்டுகளை ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரையும் எதுவும் மறைக்கவில்லை என்று பார்த்தேன். கடைசியாக, இன்ஜினை ஆன் பண்ணி ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பினேன். வலது கோடியில் இன்ஜின் தானாக உறுமியது! பிராக்கெட் ஆக்சிலரேட்டர் கேபிளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கேபிளைப் பிராக்கெட்டுக்குப் பின்னால் விட்டு மறுபடி திருப்பிப் பார்த்தேன், சத்தம் மாறவில்லை. இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் விட்டுடாதீங்க. யூ டர்ன் எடுக்கிறப்ப வண்டி தானா பாய்ஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியின் மேல் விளிம்பு என் தாடைக்குக் கீழே வர்ற மாதிரி பிராக்கெட்டை ஏற்றி வைத்தேன். ஊர் தாண்டி ஒரு ஓட்டு. நெஞ்சில் காற்றே இல்லை. தலைக்கு மட்டும் சுத்தமான காற்று, ஒரே சீராக. எனக்கு ஒரே சந்தோஷம். சந்தையிலிருந்து வந்த அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எவ்வளவு கண்ணு ஆச்சு?"

"அதை விடுங்கப்பா. ஓட்டிப் பாருங்க."

ஓட்டிவிட்டு வந்தார். "நல்லா இருக்குங்களாப்பா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குது கண்ணு."

லீவு முடிந்து நான் காலேஜுக்கு வந்துவிட்டேன். போனில் கேட்கும்போதெல்லாம் அதே பதில். நல்லா இருக்குது கண்ணு.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போனேன். துணி ஊறவைக்கிறதுக்காக அப்பாவோட சட்டைப் பாக்கெட்டைத் துழாவிய அம்மா, உருட்டி வைத்த பஞ்சு நாலைந்து எடுத்துத் திண்ணையில் போட்டாங்க.

"என்னங்மா இது?"

"காதுல வெச்சுட்டுப் போறாரு சாமி. ஒரு மாசமா. காத்துச் சத்தம் மண்டைக்குள்ள அடிக்குதுங்கறாரு. கேட்டா உங்கிட்டச் சொல்ல வேண்டாங்கறாரு."

ஒரு மாசமா. அதாவது நான் கண்ணாடி மாட்டின நாளிலிருந்து.

அப்பா வந்ததும் கேட்டேன். முதலில் அதெல்லாம் ஒண்ணுமில்ல என்றார். விடாமல் கேட்டதும், "நீ ஆசையா மாட்டுனே. காசு போட்டு வாங்கியிருக்கறே. அதப்போயி நொட்டை சொல்லோணுமா?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வண்டியைப் போய்ப் பார்த்தேன். அங்கே இன்னொன்று காத்திருந்தது: போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, அரை இஞ்ச் நீளத்துக்கு ஓடியிருந்தது.

வெடிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏன்னா அது முழுக்க என் புத்திசாலித்தனம். போல்ட் லூசாகக் கூடாது என்று த்ரெட்லாக் பசை விட்டிருந்தேன். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் அது அருமையான சாமான். பாலிகார்பனேட்டில் பட்டால், இறுக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து வெடிப்பு விடச் செய்யும். பெட்ரோல் துணியால் துடைத்தாலும் இதே கதிதான். பிளாஸ்டிக்குக்கு ரப்பர் வாஷரும், ரப்பர் லேசாகப் பிதுங்குகிற அளவு இறுக்கமும் போதும். அப்பா வெடிப்பை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "நுனியில பொடிசா ஒரு ஓட்டை போட்டுடு. அதுக்கு மேல ஓடாது" என்றார். பம்ப் கேஸிங்குகளுக்கு லேத்துக்காரர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாராம். கூரான நுனியில் ஸ்ட்ரெஸ் குவியும், நுனி வட்டமானால் குறையும் என்று டிசைன் பேப்பரில் பதிமூன்று மார்க்குக்கு எழுதினவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

இனி, சத்தம் எங்கிருந்து வந்தது? வின்ட்ஸ்கிரீன் காற்றை நிறுத்துவதில்லை. வேறு பக்கம் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். திருப்பிவிட்ட காற்று மேல் விளிம்பைத் தாண்டும்போது சுழல் சுழலாகப் பிய்ந்துகொண்டு பின்னால் வரும். விளிம்புக்கு மேலே சுத்தமான காற்று, கீழே மந்தமான காற்று, நடுவில் ஒரு கலங்கல் பட்டை. ஹெல்மெட் அந்தப் பட்டைக்கு மேலே இருந்தால் நிம்மதி, முழுசாகக் கீழே இருந்தாலும் நிம்மதி. பட்டைக்குள் மாட்டினால் தலையை யாரோ பிடித்துக் குலுக்குகிற மாதிரி இருக்கும், சத்தமும் அங்கேதான் அதிகம். நான் 178 செ.மீ. உயரம். அப்பா 163. உட்கார்ந்தால் எங்கள் இருவர் தலைக்கும் ஒரு எட்டு செ.மீ. வித்தியாசம் வரும். என் தலை பட்டைக்கு மேலே இருந்தது. அப்பாவின் தலை சரியாக அதற்குள் இருந்தது. அட்ஜஸ்டபிள் பிராக்கெட் வாங்கி, அதை எனக்கு அட்ஜஸ்ட் பண்ணிவிட்டு, ஓட்டுகிறவரிடம் கொடுத்திருக்கிறேன்.

அவர் இல்லாத நேரமாப் பார்த்து மாட்டினேன்னு சொன்னேன் இல்லையா, அந்த வரி இதுக்குத்தான்.

அடுத்த நாள் விடியற்காலை, ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், இரண்டு பேரும் கிளம்பினோம். அம்மா பூக்கட்டும் நூலை வாங்கி, ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, கண்ணாடியின் உள்பக்கம் மேலும் கீழும் டேப் போட்டு ஒட்டினேன். காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க விண்ட் டனலில் செய்கிற அதே வித்தை. அப்பா வண்டியில், நான் பெரியப்பா வீட்டு ஸ்கூட்டரில் பின்னால்.

இந்தத் தடவை நல்லா இருக்கான்னு நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எங்கப்பாவிடம் ஒரே பதில்தான் உண்டு என்பது தெரிந்துவிட்டது. பதிலாக, எத்தனையாவது ஸ்பீடில் சத்தம் ஆரம்பிக்கிறது, ஃபுட்ரெஸ்டில் லேசாக எழுந்தால் கூடுகிறதா குறைகிறதா, குனிந்தால் என்ன ஆகிறது, நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டேன். மூன்று கிலோமீட்டர் போய் ஓரங்கட்டினார். ஹெல்மெட்டைக் கழட்டின முகத்தில், கணக்கு நேராகிற கடையில் இருந்து இறங்கி வரும்போது இருக்குமே, அந்தக் களை.

"நாப்பத்தஞ்சு தாண்டுனாத்தான் சத்தம். எந்திரிச்சா டக்குனு நிக்குது. குனிஞ்சாலுங் கம்மியாவுது, ஆனா அப்படியே போவ முடியாதில்ல. அப்புறம் ஒண்ணு கண்ணு, கீழ இருக்கற நூலு பின்னாடி பறக்காம முன்னாடி பாத்துப் பறக்குது. அதென்ன கூத்து?"

கூத்து இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, காற்று திரும்பி உள்ளே இழுக்கப்படுகிறது. கீழ் விளிம்பை நான் ஹெட்லைட்டோடு ஒட்ட வைத்திருந்ததால் அங்கே புதுக்காற்று நுழைய வழியே இல்லை. எழுந்தால் சத்தம் நிற்கிறது என்றால், சுத்தமான காற்று தலைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. கண்ணாடியை இறக்கினால் அது தலைக்கு வந்துவிடும். பாடம் நடத்திற மாதிரி ரோட்டோரத்தில் நின்று இதையெல்லாம் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "ஏனுங்கப்பா, நேரா ரோட்டைப் பாத்தா கண்ணாடியோட மேல் விளிம்பு உங்க கண்ணுக்கு எங்க வருதுங்க?"

"கண்ணுக்குத்தான் வருது. நட்ட நடுவால."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் தானாகவே சொன்னார்.

"போன மாசம் ஒரு நா கோமங்கலம் பக்கத்துல திரும்பி வந்துட்டு இருந்தேன். பொழுது உழுந்துருச்சு, சாரல் வேற. எதுத்தாப்புல பஸ்ஸு லைட்டு இந்த விளிம்புல பட்டு வெள்ளையா உடைஞ்சு போச்சு. ஒண்ணுந் தெரியில. கிட்டப் போயித்தான் பாக்கறேன், முன்னால டிராக்டர் டிரெய்லரு, பின்னாடி லைட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. பிரேக்கப் புடிச்சு நின்னப்ப ஒரு மொழந்தான் இருந்துச்சு."

"ஏனுங்கப்பா சொல்லல?"

"நீ கேக்கலையே கண்ணு."

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. கேக்கலை, அதனால சொல்லலை, அவ்வளவுதான். நான் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து ஸ்பேனர் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன். ஒரு முழம். அரை ரோ வி ஸ்கொயர் எல்லாம் சரியாகப் போட்டவன், ரோட்டைப் பார்க்கப் போகிற கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் அளக்கவில்லை.

அங்கேயே வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு அப்பாவை ஏறி உட்காரச் சொன்னேன். விறைப்பாக இல்லை, பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டிக் களைத்தவர் எப்படி உட்காருவாரோ அப்படி. பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி கண்ணாடியை நாலு செ.மீ. இறக்கினோம். மேல் விளிம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்ததில் கீழ் விளிம்பு முன்னால் போய், இரண்டு விரல் நுழைகிற அளவு சந்து கிடைத்தது. இப்போது விளிம்பு அவர் வாய்க்குக் கீழே. ரோட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கலாம். ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பி இன்ஜின் சத்தத்தை மறுபடி கேட்டோம். ஓட்டினார், நின்றார், இன்னும் ஒரு நூல் இறக்கச் சொன்னார். மறுபடி ஓட்டினார். மூன்றாம் தடவை அவர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில்தான் பிடித்தேன்.

"நெஞ்சுல கொஞ்சங் காத்து படுது. முன்ன அளவுக்கு இல்ல. தலை சும்மா இருக்குது," என்றார். நல்லா இருக்குது என்று சொல்லவில்லை. அந்தப் பதிலை நான் நம்பினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் அது பொய். காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மெல்லிய, கீச்சுச் சத்தங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கிறது. இருபது வருஷக் காத்தா, மோட்டார் கடைச் சத்தமா, வயசா, நான் மாட்டிய கண்ணாடி கொடுத்த ஒரு மாசமா, பிரித்துச் சொல்ல முடியாது. பஞ்சு பிரயோஜனமில்லை என்று சொல்லி, ஃபோம் இயர்ப்ளக் போடச் சொன்னார். போடுகிறார். பக்கவாட்டில் காற்று அடிக்கிற நாளில் ஹேண்டில்பாரில் மாட்டிய கண்ணாடி ஹேண்டிலையே லேசாக இழுக்கும். அப்படிப்பட்ட நாளில் நாப்பதுக்கு மேல் போவதில்லை என்று அவரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கழுத்துக்குத் தைலம் மட்டும் வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. அம்மா கணக்கு அது.

போல்ட் நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று, பிராக்கெட்டின் மேல் தங்கச்சியின் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். அது அப்பாவின் உயரம். நான் முதலில் வைத்திருந்த இடத்தில் வாஷர் பதிந்த தடம் அதற்கு மேலே இன்னும் மங்கலாகத் தெரிகிறது. லீவில் போனால் நானும் அந்த வண்டியை எடுப்பதுண்டு. இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் என் உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம், இரண்டு நிமிஷ வேலை. ஏற்றுவதில்லை. எனக்கு நெஞ்சில் காற்று அடிக்கிறது. அடிக்கட்டும்.